ஓவியர் வீட்டில் நான் கொடுத்த பழப் பை

போன வாரப் பகுதியைப் படித்த ஒரு வாசகி, நான் பிழையில்லாமல் எழுதுவதாகப் பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டு எனக்குச் சேராது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு போல இருக்கும். எந்த இடத்தில் ழகரம், எந்த இடத்தில் ளகரம் என்று சந்தேகம் வந்தால், இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைச் சுழித்துவிட்டுப் போய்விடுவேன். அதையெல்லாம் தட்டி நிமிர்த்தி அச்சில் ஏற்றுகிறவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். சொல்லப் போகிற விஷயம் அப்படி.

அந்த நாளை நினைத்தால் முதலில் வருவது ஒரு மரக் கவுண்டர். அதன் மேல் ஒரு சின்ன மேசை விசிறி கறகறவென்று தலையாட்டிக்கொண்டிருக்கிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான். வலது கையில் ஒரு பிரம்புப் பை. பைக்குள் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், ஒரு முழம் மல்லிகைப்பூ.

கவுண்டருக்கு அந்தப் பக்கம், பூ அச்சடித்த பாத்தேக் துணியில் சட்டை போட்ட ஒரு பெண்.

“அண்ணே, பேக் உள்ள கொண்டு போக முடியாதுலா. இங்க குடுத்துட்டுப் போங்க.”

கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த காரியங்களில் அதுதான் பெரியது.

யார் வீடு அது

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்துப் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், ரயில்வே குவாட்டர்ஸ் வரிசை முடிகிற இடத்தில், ஓர் ஓவியரின் வீடு இருந்தது. பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியும்; சொல்லப்போவதில்லை. யாழ்ப்பாணத்து வழி வந்தவர். ரயில்வேயில் பிளான் வரைகிற வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு படம் வரைந்து பெயர் வாங்கியவர். பாங்கில் கொடுக்கிற காலண்டரில்கூட அவர் படம் வந்ததுண்டு.

அவர் காலமான பிறகு பிள்ளைகள் வீட்டை விற்காமல், அப்படியே பூட்டியும் வைக்காமல், வருகிறவர்கள் பார்த்துப் போகட்டும் என்று திறந்துவிட்டார்கள். அவர் படுத்த கட்டில், போட்ட கண்ணாடி, மிதித்த செருப்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வீட்டைச் சுற்றி ஒரு பெரிய தோட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள்.

எனக்கும் ஓவியத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பசு மாடு வரையச் சொன்னார்கள். வரைந்தேன். வாத்தியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுக்கு லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்டார். அவர் கண்ணுக்கு அது லோரியாகத் தெரிந்திருக்கிறது. வாக்குப் பலித்தது; போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டித்தான் பிழைத்தேன்.

அப்படிப்பட்டவனுக்கு ஓவியர் வீட்டில் என்ன வேலை? பெண் பார்க்கிற வேலை.

அக்கா போட்ட ஒப்பந்தம்

எனக்கு அப்போது கல்யாண வயது கடந்து, அதையும் சொந்தக்காரர்கள் மறந்து, கேட்பதையே நிறுத்தியிருந்தார்கள். பாக்கியம் அக்கா மட்டும் விடவில்லை. என்னை வளர்த்தவர் அவர்.

அதற்கு முன் பெண் பார்க்கப் போன கதைகள் உண்டு. ரவாங்கில் ஒரு வீட்டில் பெண் காப்பி கொண்டுவந்தபோது நான் தலையைக் குனிந்தேன்; அவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற வரைக்கும் நிமிரவில்லை. வெளியே வந்ததும் அக்கா, “பொண்ணு எப்படிடா?” என்றார். “கால்ல வெள்ளிக் கொலுசு போட்டிருக்கு” என்றேன். அன்று கிள்ளான் வந்து சேரும்வரை அக்கா என்னோடு பேசவில்லை.

இந்தப் பெண்ணின் பெயர் செண்பகம். ரயில்வே கேட் காவலாளியின் மகள். அப்பா, அம்மா இல்லை. சித்தி வீட்டில் இருந்தாள். ஓவியர் வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. பல பேர் வந்து பார்த்துப் போன பிறகு, இனிமேல் யார் முன்னாலும் தட்டு ஏந்தி வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். “பாக்கணும்னா அந்த ஆள் நான் வேலை செய்ற இடத்துக்கு வரட்டும். நாலு பேர் வர்ற மாதிரி வந்து பாத்துட்டுப் போகட்டும்” என்று நிபந்தனை.

அக்காவும் அந்தச் சித்தியும் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகிற பழத்தைப் பெண் கையில் கொடுத்து, அவள் வாங்கிக்கொண்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

“நல்லாக் கேளுடா” என்றார் அக்கா. “பொண்ணப் பாரு. பிடிச்சிருந்தா பைய அவ கையில குடு. பிடிக்கலைன்னா பேசாம திருப்பி எடுத்துட்டு வந்துடு. யாருக்கும் மனசு நோகாது. அவளுக்கும் இது தெரியும்.”

“எனக்குப் பேச வராதுக்கா.”

“அதான் பை பேசும்னு சொல்றேனே. நீ தூக்கிட்டுப் போனாப் போதும்.”

பெண்ணின் படம் ஒன்று காட்டினார். கோயில் திருவிழாவில் ஐம்பது பேர் நிற்கிற படம். அவள் முகம் பச்சைப்பயறு அளவு. நான் அதைப் பார்த்து மனதில் ஒரு பெண்ணை உண்டாக்கிக்கொண்டேன்: சேலை, பூ, நெற்றியில் பெரிய பொட்டு. அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டுதான் கிள்ளானிலிருந்து பஸ் ஏறினேன்.

ஆகவே பாத்தேக் சட்டையும் கால்சட்டையும் போட்டு, கழுத்தில் சாவிக் கொத்து மாட்டிக்கொண்டு, “பேக்கக் குடுங்க” என்று அதிகாரமாகக் கேட்ட பெண் யாராக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாசகர்களாகிய உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்க ஒரு வீட்டையும் பாதித் தோட்டத்தையும் சுற்ற வேண்டியிருந்தது.

தலையாட்டிய பொம்மை

பையை வாங்கியவள் அதைக் கீழே வைப்பதற்காகக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். மல்லிகைப்பூ வாசம் அடித்திருக்கும். பிரம்பு மூடியை விலக்கிப் பார்த்தாள். குங்குமச் சிமிழைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“கிள்ளான்லேருந்தா வர்றீங்க?”

தலையாட்டினேன். பெண்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டுவது என் பழக்கம். பதில் சொல்வதைவிட அது சுலபம்.

“யோசிச்சுத்தான் குடுக்கிறீங்களா?”

அதற்கும் தலையாட்டினேன். ஒரு பையை ஒப்படைக்க இந்த ஊரில் இவ்வளவு கேள்வி கேட்கிறார்களே, உள்ளே விலை உயர்ந்த சாமான்கள் நிறைய இருக்கும்போல என்று நினைத்தேன்.

எண் அடித்த தகர வில்லை ஒன்றை நீட்டினாள். விரல் படாமல் வாங்கிக்கொண்டேன்.

படியில் எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். நான் அன்றைக்காக வாங்கிய புது ஷூவைக் கழற்றினேன். காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அந்த வீடு முழுவதும் விரலை மடக்கிக்கொண்டு நடந்தேன். சிறந்த ஓவியங்களை ஒரு மனிதன் நொண்டி நொண்டிப் பார்த்தான் என்றால் அது நான்தான்.

விபூதி

என்னோடு இன்னொரு பார்வையாளர் சேர்ந்துகொண்டார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத் தமிழர். வெள்ளைச் சட்டையும் குடையுமாக வந்திருந்தார். எங்கள் இருவருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்ட வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பாத்தேக் சட்டைதான். டிக்கெட், பை, சாவி, விளக்கம் எல்லாம் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, சேலை கட்டிய பெண் எந்த அறையிலிருந்து வருவாள் என்று கதவு கதவாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஓவியர் வரைந்த அறையில் எண்ணெய் வாசமும் டர்பன்டைன் வாசமும் இன்னும் இருந்தன. எங்கள் லோரி பட்டறை வாசம். அதனால் மனம் கொஞ்சம் நிம்மதியானது. சுவரில் அவருடைய புகைப்படம், அதற்குச் சந்தன மாலை. படத்துக்குக் கீழே பித்தளைக் கிண்ணத்தில் வெள்ளைத் தூள்.

செத்தவர் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மரியாதை செய்ய வேண்டாமா? கண்ணை மூடிக் கும்பிட்டேன். கிண்ணத்தில் மூன்று விரலை வைத்து நெற்றியில் பட்டையாக இழுத்தேன். ஸ்டேஷன் மாஸ்டரும் நான் செய்ததைப் பார்த்து, குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பக்தியாகப் பூசிக்கொண்டார்.

“அது விபூதி இல்ல” என்றாள் அவள் மெதுவாக. “வரையிறதுக்கு முன்னாடி துணியில பூசுற தூள்.”

ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில், தாமதமாக வந்த எல்லா ரயிலுக்கும் நானே பொறுப்பு என்பது தெரிந்தது.

“எதையும் தொடக் கூடாதுன்னு மூணு மொழியில எழுதிப் போட்டிருக்கோம், அங்கிள்” என்றாள் அவரிடம். கைக்குட்டை ஒன்றை என் பக்கம் நீட்டினாள். நான் நெற்றியைத் துடைக்கிறேன் என்று கண்ணில் தேய்த்துக்கொண்டேன்.

முதுகுகள்

நடுக்கூடத்தில் அவருடைய புகழ் பெற்ற படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெண். கொடியில் துணி உலர்த்துகிறாள், கீரை ஆய்கிறாள், ரயில் பாதை ஓரமாகக் குடையோடு போகிறாள், குழாயடியில் குனிந்திருக்கிறாள். எல்லாமே முதுகுப் பக்கமாக. ஒன்றில்கூட முகம் இல்லை.

“பிள்ளை, ஏன் இவர் ஒரு படத்திலயும் முகத்தைக் கீறேல்லை?” என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார்.

“அது அவரோட சம்சாரம், அங்கிள். ரொம்பக் கூச்சம். யாராச்சும் பாக்கிறாங்கன்னு தெரிஞ்சா எழுந்து உள்ள போயிடுவாங்களாம். அதனால அவங்க வேற பக்கம் திரும்பி இருக்கிறப்ப மட்டும் வரைஞ்சாரு. கடைசி வரைக்கும் திரும்புன்னு சொன்னதே இல்லையாம்.”

“ஒரு நாளும்?”

“ஒரு நாளும் இல்ல.”

அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. நான் படங்களைப் பார்த்தேன். எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் கூச்சம் தெரியும். அந்த அம்மாவின் தோளைப் பார்த்தாலே, காது மட்டும் பின்பக்கம் திரும்பி இருக்கிறது, யாரோ பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் எழுந்து போகவில்லை என்பது எனக்குப் புரிந்தது. வெகுநேரம் நின்றுவிட்டேன். சேலை கட்டிய பெண்ணைத் தேடுவதைக்கூட மறந்தேன். மடக்கியிருந்த விரலும் மறந்து நீண்டுவிட்டது.

திரும்பியபோது பாத்தேக் சட்டைக்காரி என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடக்கிற வாழை

தோட்டம் அவர் வரைவதற்காகவே நட்டது. பலா, நித்தியமல்லி, செம்பருத்தி, பழைய குளியல் தொட்டியில் அல்லி, ரயில்வேயின் பழைய தண்டவாளக் கட்டைகளைப் பதித்த நடைபாதை. படத்தில் எந்தச் செடி எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்க வேண்டும் என்பது குடும்பத்தாரின் கட்டளையாம். செத்தால் அதே இடத்தில் அதே செடி.

“எல்லாம் சொன்ன பேச்சு கேக்கும், வாழைதான் கேக்காது” என்றாள். “கன்னு பக்கத்துல பக்கத்துல போட்டு நடந்துக்கிட்டே போயிடும். படத்துல கிணத்தடியில நிக்குது. நான் இங்க வந்தப்ப வேலி வரைக்கும் போயிருந்துச்சு. வருசா வருசம் தோண்டிக் கொண்டாந்து கிணத்தடியில வைக்கிறேன்.”

“வாழைய நிறுத்த முடியாதுங்க” என்றேன் நான். அன்று நானாகப் பேசிய முதல் வார்த்தை. “தாய் எங்க சாயுதோ கன்னு அங்கதான் போகும்.”

“அது குடும்பத்தாருக்குத் தெரியுமா?” என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. நல்ல சிரிப்பு என்று நினைத்ததும் எனக்குக் குற்ற உணர்வு வந்துவிட்டது. செண்பகம் என்ற பெண்ணைப் பார்க்க வந்துவிட்டு இன்னொருத்தியின் சிரிப்பை ரசிக்கிறாயே மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் விடைபெறுகிற மாதிரி கேட்டார். “நல்ல வடிவாச் சொல்லித் தந்தீர் பிள்ளை. உம்மட பேர் என்ன?”

“செண்பகம், அங்கிள்.”

அல்லித் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பார்க்க வேண்டியவளை ஒரு மணி நேரமாகப் பார்க்காமலே அவளோடு நடந்திருக்கிறேன். அதற்கும் முன்னால், வாசலிலேயே, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையைக் கொடுத்துவிட்டேன். அவள் அதை வாங்கியும் கொண்டாள்.

வில்லை

ஸ்டேஷன் மாஸ்டர் பலா மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து களைப்பாறினார். நான் ஷூவை மாட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். வேறு வழி இல்லை. வில்லை என் கையில் இருந்தது. கொடுத்தால் பை திரும்பி வரும். பை திரும்பினால் ‘வேண்டாம்’ என்று அர்த்தம். கொடுக்காமல் போனால் அந்த இடத்துச் சட்டப்படி நான் தகர வில்லைத் திருடன்.

அவள் கவுண்டருக்குப் பின்னால் நின்று மேசை விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள், விசிறியைப் பார்த்தபடி. “இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் மேலருந்து கீழ பாத்தாங்க. ஒருத்தர் பாடச் சொன்னாரு. ஒருத்தர் நொண்டியான்னு தெரிஞ்சுக்க நடந்து காட்டச் சொன்னாரு. நீங்க பாக்கிறதுக்கு முன்னாடியே குடுத்துட்டீங்க. உள்ளயும் படத்தைத்தான் பாத்தீங்க, என்னைப் பாக்கல. எனக்கு அதுக்கப்புறம் பேச்சே சரியா வரல.”

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். பெரிய மனிதன் ஆகியிருப்பேன். வாழ்க்கை முழுவதும் மூடியே இருந்த வாய் அது. சரியாக அந்த நேரத்தில் திறந்தது.

“நீங்கதான் அவங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சேலை கட்டியிருப்பீங்கன்னு நினைச்சேன். பேக் உள்ள போக முடியாதுன்னு சொன்னீங்க, குடுத்தேன்.”

விசிறி இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பியது.

அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. குனிந்து பையை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள். மூடியைச் சரிசெய்தாள். பூ வெளியே தொங்கியதை உள்ளே தள்ளினாள்.

“அப்ப எடுத்துக்குங்க. தெரியாமக் குடுத்தது குடுத்ததாகாது.”

எடுக்க வேண்டும் என்றுதான் கையை நீட்டினேன். நீட்டிய கையோடு, முதல் தடவையாக, அவளை நேராகப் பார்த்தேன். நகத்தில் தோட்டத்து மண். மேலுதட்டில் வியர்வை. கண் கலங்கக் கூடாது என்று புருவத்தை இறுக்கி வைத்திருந்தாள். கண்ணை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. ரவாங் வீட்டில் கொலுசைத் தாண்டி மேலே போகாத கண் இது.

“பாத்துட்டேங்க” என்றேன்.

“அதுக்கு?”

“இப்பத் தெரிஞ்சு குடுக்கிறேன்.” பையை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினேன். அது ஒரு சாண்கூட நகரவில்லை. தேங்காய் கனம். இரண்டு கையாலும் தள்ளினேன்.

அவள் பையைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்க பாத்துட்டீங்க. நான் இன்னும் பாக்கலையே.”

“பாருங்க.”

“இப்படி இல்ல. அந்தப் பலா மரம் வரைக்கும் போய்ட்டு வாங்க. நடந்து காட்டுங்க. உள்ள நொண்டி நொண்டித்தானே வந்தீங்க?”

விளையாட்டா, நிஜமா என்று முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. போனேன்.

ஒரு மனிதன் நடக்கும்போது கையை என்ன செய்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். நான் அதுவரை யோசித்ததில்லை. வீசினால் ராணுவம் போல இருந்தது. வீசாமல் விட்டால் பிணம் போல இருந்தது. பின்னால் கட்டிக்கொண்டேன், எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற கிராணியாரின் நடை வந்துவிட்டது. தண்டவாளக் கட்டை ஒன்றில் இடறினேன். பெஞ்சில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தேவிட்டார்.

“தம்பி, ஏதும் தொலைச்சுப் போட்டீரோ?”

“இல்லீங்க ஐயா. நடந்து காட்டச் சொன்னாங்க.”

“ஆர்?”

சொல்லாமல் மரத்தை ஒரு தரம் தொட்டேன். எதற்குத் தொட்டேன் என்று தெரியாது. திரும்பினேன்.

கவுண்டரில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் மேல் பை இல்லை.

எழுதி முடித்தது: கிள்ளான், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் காலை.